வீட்டைப் பார்த்தாச்சு, மண்ணைப் பார்த்தாச்சா?

மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங், ஜெஞ்சாரோம், தெலுக் பங்ளிமா காராங் பக்கம் பழைய வீடு வாங்க அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் தோட்டத்து வீட்டை விட்டு முதன்முறையாகச் சொந்த வீட்டுக்குப் போகிற குடும்பங்கள் இதைப் படித்தால் ரொம்பச் சந்தோஷப்படுவேன்.

அப்பா கேரித் தீவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து அறுபது வயதில் ஓய்வு பெற்றார். தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தாத்தா காலத்திலிருந்து இதே கதைதான். நிலப்பட்டாவில் எங்கள் குடும்பத்துப் பெயர் ஏறப்போவது இதுதான் முதல் தடவை. அப்பாவின் இ.பி.எஃப். சேமநிதிப் பணமும் என் பெயரில் எடுக்கும் வங்கிக் கடனும் சேர்ந்துதான் வீடு. அப்பாவின் பணம் போனால் இன்னொரு முறை சம்பாதிக்க முடியாது. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஆள் வைத்து வீட்டைச் சோதித்துவிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன். சொந்தக்காரர்கள் சிலர், "வீடு பார்க்கவும் ஒரு ஆளா? கண்ணு இல்லையா நமக்கு?" என்று கேட்டார்கள். நம்மவர்கள் வீடு பார்க்கும்போது வாசல் எந்தத் திசை, சாமி மேடை எங்கே வைப்பது, கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எவ்வளவு தூரம் என்றெல்லாம் பார்ப்பார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் கூரைக்குள் ஏறிப் பார்க்கிறவரை நான் கண்டதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புது வீட்டுக்கும் கைமாறும் பழைய வீட்டுக்கும் ஒரே சட்டம் கிடையாது. மேம்பாட்டாளரிடம் நேராகப் புது வீடு வாங்கினால், 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தம் உங்களுக்குக் காவல். சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியும் குறைகளை எழுத்தில் கொடுத்தால் 30 நாளுக்குள் அவர் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். வீட்டு விலையில் 5 விழுக்காட்டை வழக்கறிஞர் கையில் பிடித்து வைத்திருப்பார்கள். அதில் பாதி 8 மாதம் கழித்தும் மீதி 24 மாதம் கழித்தும்தான் மேம்பாட்டாளருக்குப் போகும். சொல்லியும் செய்யவில்லை என்றால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டி 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம்.

பழைய வீட்டுக்கு இதில் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் பெரும்பாலும் 'இருக்கிற நிலையில், இருக்கிறபடி' வாங்குவதாக ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்டபின் கூரை ஒழுகினாலும் சுவர் பிளந்தாலும் அது உங்கள் பாடு. விற்றவரைத் தேடிப் போய்ப் பயனில்லை. ஆக, பழைய வீட்டில் நமக்கு இருக்கும் ஒரே பிடி, கையெழுத்துக்கு முந்தைய அந்தக் கொஞ்ச நாள்தான்.

ஆளைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம். புது வீட்டுச் சாவி வாங்கும்போது குறைகளைப் பட்டியல் எடுத்துத் தருகிறவர்கள் இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறைய இருக்கிறார்கள். ஓடு தட்டிப் பார்ப்பது, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. முப்பது வருடத்துப் பழைய வீட்டைப் படிப்பது வேறு வேலை. அதனால் கேட்டவர்களிடம் எல்லாம் நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: "பழைய வீடு பார்த்திருக்கிறீர்களா, இந்தக் கடலோரப் பக்கம் பார்த்திருக்கிறீர்களா?" கடைசியில் கிடைத்தவர் பல வருடம் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வை செய்த ஒரு ஐயா. ஒற்றை மாடி வீட்டுக்கு 600 வெள்ளி கேட்டார். படத்தோடு எழுத்தில் அறிக்கை தருவேன் என்றார். இன்னொன்றும் சொன்னார், அதற்காகவே அவர் மேல் நம்பிக்கை வந்தது: "விரிசல் கட்டடத்தோட உடம்புலேர்ந்து வருதுன்னு எனக்குத் தோணுச்சுன்னா, பதிவுபெற்ற எஞ்சினியரைக் கூப்பிடச் சொல்லிடுவேன். அதுக்கு மேல நான் பேச மாட்டேன்." என்னைக் கேட்டால், விற்கும் ஏஜெண்ட் சிபாரிசு செய்யும் ஆளை மட்டும் வைத்துக்கொள்ளவே கூடாது.

இனி மண்ணுக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் வீடு வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

சிலாங்கூரின் மேற்குக் கரையோரம் முழுக்க மென்மையான கடற்களிமண். கிள்ளான் களிமண் என்றாலே பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். சில இடங்களில் மேலே கரிமண்ணும் (மக்கிய இலைதழை சேர்ந்த மண்) உண்டு. இந்த மண் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே பாரம் ஏற ஏற அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறும். மண் வருடக்கணக்காக அமுங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இங்கே வீடு கட்டும்போது கீழே பைலிங் அடிக்கிறார்கள். கான்கிரீட் தூண்களைக் கெட்டியான மண் வரைக்கும் இறக்கி, வீட்டின் பாரத்தை அதன் மேல் ஏற்றுவது. அதைச் சரியாகச் செய்திருந்தால் வீடு அசையாது. வீட்டைச் சுற்றியிருக்கும் தரைக்குக் கீழே தூண் இல்லாததால் அது மட்டும் இறங்கும். காடி (கார்) நிறுத்தும் இடம் வாசற்படியை விட்டு ஒரு சாண் கீழே போயிருக்கும், பின்பக்கச் சிமெண்டுத் தரை பிளந்திருக்கும். இது இந்த ஊரில் எங்கும் காணும் காட்சி. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மண் நிரப்பிச் சிமெண்டு போட்டால் தீரும். திரும்பவும் இறங்கும், திரும்பவும் போட வேண்டும், அவ்வளவுதான்.

பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறைதான் பயப்பட வேண்டியது.

எங்களுக்கு முதலில் பிடித்துப்போன வீடு அப்படிப்பட்டதுதான். பந்திங் டவுனிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி), ஒற்றை மாடி வரிசை வீடு. பின்னால் முழு அகலத்துக்கும் நீட்டிப் பெரிய சமையலறை. புது வண்ணம், புதுத் தரை ஓடு, கருங்கல் மேடை. அம்மாவுக்குப் பார்த்ததுமே மனம் நிறைந்துவிட்டது. தோட்டத்து வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத அடுப்படியில் இத்தனை வருடம் சமைத்தவர் அவர். ஏஜெண்ட் வேறு, "இன்னைக்கு சாயந்திரமே இன்னொரு குடும்பம் வருதும்மா" என்று அவசரப்படுத்தினார்.

ஐயா அந்தச் சமையலறைக்குள் நுழைந்ததும் மேடையையும் தரை ஓடுகளையும் பார்க்கவில்லை. பழைய வீடு முடிந்து புதுச் சமையலறை ஆரம்பிக்கும் இடத்தில், சுவரோடு முகத்தை ஒட்டிவைத்து மேலிருந்து கீழே டார்ச் அடித்தார். வண்ணத்துக்குள் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. ஏணி போட்டு ஏறி, கூரையை ஒட்டிய இடத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டினார். வெள்ளைப் பட்டி உதிர்ந்தது. அதற்கு உள்ளே மஞ்சளாக இன்னொரு பட்டி. அதற்கும் உள்ளே சிமெண்டு வைத்து அடைத்த தடம். பையிலிருந்து ஒரு 20 காசு எடுத்து நெட்டுக்குத்தாக வைத்தார், பாதி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அதே காசை இடுப்பு உயரத்தில் வைத்தபோது நுழையவில்லை.

"பாரும்மா, மேல அகலம், கீழ வர வர சன்னமாயிடுது. பின்னாடி கட்டினது மட்டும் தனியா அங்கிட்டு சாயுது. ஒரு தடவை அடைச்சிருக்காங்க, பிளந்திருக்கு. மறுபடி அடைச்சிருக்காங்க, மறுபடி பிளந்திருக்கு. இப்ப விக்கிறதுக்காக மூணாவது தடவை."

பிறகு மட்டப்பலகையைத் தரையில் வைத்துக் காட்டினார். குமிழி நடுவில் நிற்கவே இல்லை. பின்சுவரை நோக்கித் தரை சரிந்திருந்தது. குளியலறை என்றால் தண்ணீர் ஓடச் சரிவு வேண்டும், சமையலறைக்கு எதற்கு? முன்வீடு பைலிங் மேல் நிற்கிறது. பின்னால் நீட்டியவர் பைலிங் அடிக்காமல் மண் மேலேயே அடித்தளம் போட்டுவிட்டார், அல்லது குட்டையான பாக்காவ் கழிகளை அடித்து அதன் மேல் கட்டிவிட்டார். பாக்காவ் கழி என்பது கடலோர அலையாத்திக் காட்டு மரம். எப்போதும் ஈரத்துக்குள் கிடந்தால் பல வருடம் தாங்கும். நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் பகுதி உளுத்துப்போகும். கால்வாய், வேலி மாதிரி இலேசான வேலைகளுக்கு ஏற்றது. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் சேர்ந்த பாரத்தை அது எத்தனை நாள் தாங்கும்?

சரிசெய்ய என்ன ஆகும் என்று கேட்டேன். "பட்டி வெச்சா நிக்காது. இடிச்சிட்டுப் பைலிங் போட்டு மறுபடி கட்டணும்" என்றார். அந்த வீட்டை விட்டுவிட்டோம். அம்மாவுக்கு வருத்தம்தான். வீடு திரும்பும் வழியெல்லாம் பேசவே இல்லை. ஆனால் அறிக்கையில் அந்தக் காசு செருகியிருந்த படத்தைப் பார்த்தபிறகு அவரே பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதை எடுத்துக் காட்டினார்.

'எல்லா வீட்டுலயும் விரிசல் இருக்கும்' என்று ஏஜெண்ட் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் போதும். பூச்சு மேல் தலைமுடி போலச் சன்னமாக, வலைப்பின்னலாகத் தெரிவது பெரும்பாலும் சிமெண்டு காய்ந்தபோது வந்தது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, செங்கல் வரிசையோடு படிபடியாக இறங்குவது, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிவது, ஒருபக்கம் அகலமாகவும் மறுபக்கம் சன்னமாகவும் இருப்பது, தரை ஓட்டையும் சேர்த்துப் பிளப்பது, இதில் எது தெரிந்தாலும் பொறியாளரைக் கேட்காமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால் ஏன் என்று நேராகவே கேளுங்கள்.

இரண்டாவதாகச் சோதித்த வீடு பார்வைக்கு ஏழை. வண்ணம் மங்கி, பின்பக்கம் எதுவும் நீட்டாமல் வெறும் மண் முற்றமாகக் கிடந்தது. அம்மா மட்டும், "இங்க ஒரு முருங்கை, அங்க ஒரு கறிவேப்பிலை வைக்கலாம்" என்றார். ஐயா சுற்றி வந்துவிட்டு, "சுவர் நேரா நிக்குது, தரை மட்டமா இருக்கு. மத்ததெல்லாம் காசு போட்டா சரியாகிற விஷயம்" என்றார்.

அந்த மற்றதெல்லாம் கொஞ்சநஞ்சம் இல்லை. சிலிங்கில் இருக்கும் சதுரத் துவாரம் வழியாக ஏறி, என்னையும் ஏணியில் நிற்கவைத்துக் காட்டினார். அதற்கு வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்திருந்தோம். ஏஜெண்டிடம் சொல்லி நீங்களும் வாங்கிவிடுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில். உள்ளே பகல் நேரத்திலும் இரண்டு இடத்தில் ஓட்டு இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு நேர் கீழே உத்தரக்கட்டையில் கறுத்த நீர்த்தடம். கட்டையைக் கத்தி முனையால் குத்திப் பார்த்தார். இறங்கவில்லை, உளுத்துப்போகவில்லை என்று அர்த்தம். தண்ணீர்த் தொட்டி இரண்டு பலகை மேல் உட்கார்ந்திருந்தது, ஒரு பலகை நடுவில் வளைந்திருந்தது. நிறைந்த தொட்டியின் பாரம் நூற்றுக்கணக்கான கிலோ. அது நேராகப் படுக்கையறைக்கு மேலே இருந்தது.

பழைய வீடுகளில் சாம்பல் நிறத் தகட்டுச் சிலிங்கோ நெளிநெளியான சிமெண்டுத் தகட்டுக் கூரையோ இருந்தால் அதில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. தோட்டத்து வீடுகளில் வளர்ந்த நமக்கு அது பழகிய பொருள். உடையாமல் கிடக்கும் வரைக்கும் பெரிய தொல்லை இல்லை. துளை போடுவதும் அறுப்பதும் உடைப்பதும்தான் ஆபத்து, அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக்கூடாது. மாற்ற வேண்டும் என்றால் தெரிந்த ஆளை வைத்துக் கழற்றச் சொல்லி, அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். காலியாக இருக்கும் வீட்டில் பல நேரம் மின்சார நிறுவனமான டி.என்.பி. இணைப்பைத் துண்டித்திருப்பார்கள். மின்சாரமும் தண்ணீரும் இல்லாத வீட்டைச் சோதிப்பதில் பாதி வேலைதான் நடக்கும். இணைப்பு உள்ள நாளில்தான் வருவோம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். மெயின் பெட்டியில் ஈ.எல்.சி.பி. என்று ஒன்று இருக்கும், அதில் சோதனைப் பொத்தானும் இருக்கும். அழுத்தினால் உடனே சுவிட்ச் விழ வேண்டும். இந்த வீட்டில் அழுத்தி அழுத்திப் பார்த்தும் விழவில்லை. மின்கசிவு வந்தால் உயிரைக் காக்க வேண்டிய கருவி அது. ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் வகை இருக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் சொல்கின்றன. குளியலறை ஹீட்டருக்கு அதுதான் பொருந்தும். இங்கே ஹீட்டர் சாதாரண வயரில் மாட்டியிருந்தது. வயது போனவர்கள் குளிக்கப்போகும் இடம் அது என்பதால், வீட்டை வாங்குவதாக இருந்தால் வண்ணம் அடிப்பதற்கு முன்னால் வயரிங் மாற்றுவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அந்த வேலைக்குச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவுபெற்ற வயர்மேனைத்தான் கூப்பிட வேண்டும்.

தண்ணீருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு, இதற்கு யாரும் தேவையில்லை. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வெளியே மீட்டரைப் பாருங்கள். சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. பழைய இரும்புக் குழாய் என்றால் முதலில் திறக்கும்போது தண்ணீர் பழுப்பாக வரும், வேகமும் குறைவாக இருக்கும். குழாயின் உட்பக்கம் துருவால் சுருங்கிப்போயிருக்கிறது என்று பொருள்.

கறையானைக் கண்டுபிடித்தவர் அப்பா. ஐயா முன்கதவை முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அப்பா பின்கதவு நிலையருகே நின்றவர், விரல் முட்டியால் தட்டிக்கொண்டே கீழே குனிந்தார். மேலே 'டொக் டொக்' என்று கெட்டியாகக் கேட்டது, முழங்கால் உயரத்தில் சத்தம் மாறியது. விரலால் அழுத்தினார், வண்ணம் மட்டும் காகிதமாகக் கிழிந்தது, உள்ளே மரமே இல்லை. சுவரோரம் பென்சில் பருமனில் மண் குழாய் ஒன்று தரையிலிருந்து ஏறியிருந்தது. "பால் மரத்துல ஏறுமே, அதே மண்ணுதான்" என்றார். இளம் வயதில் வேறு தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்தவர் அவர். நிற்கிற ரப்பர் மரத்தையே மண் பூசி மூடித் தின்னும் கறையான் இனம் இந்த நாட்டில் உண்டு. கரிமண்ணில் செம்பனையையும் அது விடாது. தோட்டங்களை அழித்து எழுப்பிய தாமான்களில் மண்ணுக்குள் புதைந்த வேரும் அடிமரமும் கறையானுக்குத் தீனியாகக் கிடக்கும். அதனால் பழைய தோட்ட நிலத்தில் வீடு வாங்குபவர் நிலைக்கதவு, அலமாரிப் பின்பக்கம், படிக்கட்டு அடி எல்லாவற்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். ஐயா திரும்பி வந்து பார்த்துவிட்டு, அப்பாவிடம் "நீங்க கூட வந்தது நல்லதாப் போச்சுண்ணே" என்றார். அன்று முழுக்க அப்பாவின் நடையே வேறு மாதிரி இருந்தது.

கறையானை மருந்தடித்துக் கொல்வதோடு வேலை முடியாது. கூட்டில் இருக்கும் ராணி வரைக்கும் மருந்து போய்ச் சேர வேண்டும். தரையில் துளை போட்டு மருந்து இறக்குவது ஒரு முறை. தீனிப்பெட்டி வைத்துக் கூட்டையே அழிப்பது இன்னொரு முறை. உத்தரவாதம் எத்தனை வருடம், அதற்குள் திரும்ப வந்தால் இலவசமாகச் செய்வார்களா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இதெல்லாம் பகலில், வெயிலில் பார்த்தது. அப்புறம் மாலையில் நல்ல மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் நானும் தம்பியும் மறுபடி போனோம். வெயிலில் போய்ப் பார்த்து மட்டும் இந்தப் பக்கம் வீடு வாங்காதீர்கள். லங்காட் ஆறு பந்திங் அருகில் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறு. கடல் ஏறும் நேரத்தில் கரையோர மதகுகளை மூடிவிடுவார்கள், இல்லாவிட்டால் கடல் நீர் உள்ளே வரும். அந்த நேரம் பார்த்துப் பெருமழை பெய்தால் தாமானில் விழும் தண்ணீருக்குப் போக வழி இருக்காது. கால்வாயிலேயே நிற்கும், பிறகு ரோட்டுக்கு ஏறும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கடல் ஏற்றம் அதிகம் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். முடிந்தால் அப்படி ஒரு நாளில் போய்க் கால்வாயைப் பாருங்கள்.

அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஏஜெண்டுக்கு வீடு விற்றாக வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு மலாய்க்கார மாமா எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தே பேசினார். 2021 டிசம்பரில் சிலாங்கூரையே புரட்டிப்போட்ட வெள்ளத்தில் தாமானின் எந்த வரிசை வரைக்கும் தண்ணீர் வந்தது, எங்கே நின்றுவிட்டது என்று கையைக் காட்டிச் சொன்னார். எங்கள் வரிசைக்கு வரவில்லை. போகும் வழியில் அந்தப் பாதிக்கப்பட்ட வரிசையைத் தாண்டினோம். இரண்டு வீட்டு மதில்களில் பழுப்புக் கோடு இன்னும் தெரிந்தது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இணையத்தளத்தில் ஆற்று நீர்மட்டமும் மழையளவும் வரும், அதையும் சில வாரம் கவனித்து வந்தோம்.

காகிதச் சோதனையும் வீட்டுச் சோதனையில் சேர்ந்ததுதான். நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடன் ஏறியிருக்கிறதா, யாராவது கேவியட் (கைமாற்றத் தடை) போட்டிருக்கிறார்களா, நிரந்தர நிலமா குத்தகை நிலமா, குத்தகை இன்னும் எத்தனை வருடம், கைமாற மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா, மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலமா என்பதெல்லாம் தெரியும். ஒப்புதல் வேண்டியிருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். நீட்டிக் கட்டிய வீடு என்றால் நகராண்மைக் கழகம் அங்கீகரித்த வரைபடம் எங்கே என்று கேளுங்கள். அனுமதி இல்லாமல் கட்டியிருந்தால் வங்கியின் மதிப்பீட்டாளர் அந்தப் பகுதியை விலையில் சேர்க்காமல் விடலாம். நாளை நகராண்மைக் கழகம் இடிக்கச் சொன்னால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

ஏஜெண்ட் கழுத்தில் தொங்கும் அட்டையில் ஆர்.இ.என். எண் (வீடு விற்பனை முகவரின் பதிவு எண்) இருக்கிறதா என்று பாருங்கள். முன்பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடச் சொன்னால் போடாதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கு என்று தனியே இருக்கும். முன்பணம் பொதுவாக 2 அல்லது 3 விழுக்காடு, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது மொத்தம் 10 விழுக்காடாக நிரப்ப வேண்டும். முன்பணக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: சோதனையில் கட்டடத்துக்குப் பெரிய குறை தெரிந்தாலோ வங்கிக் கடன் கிடைக்காமல் போனாலோ முழுப் பணமும் திரும்ப வேண்டும். முதலில் முனகினார்கள், பிறகு சேர்த்தார்கள். சேர்க்க மாட்டோம் என்றிருந்தால் முழுச் சோதனையும் முடியும் வரைக்கும் ஒரு வெள்ளிகூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

அறிக்கையை வைத்துப் பேரம் பேசுவது தனி வேலை. 'கூரை சரியில்லை, குறைச்சுக் கொடுங்க' என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் யாரும் இறங்க மாட்டார்கள். கூரைக்காரர், வயர்மேன், கறையான் மருந்துக்காரர் மூவரிடமும் எழுத்தில் விலை வாங்கினேன். எல்லாம் சேர்ந்து 18,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. வீட்டுக்காரர் கேட்ட விலை 255,000. ஐயாவின் படங்களையும் மூன்று விலைக் கடிதங்களையும் சேர்த்து ஏஜெண்ட் வழியாக அனுப்பினேன். வீட்டுக்காரரும் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்தான். அவரை மட்டம் தட்டிப் பேசவில்லை. இவ்வளவு செலவு இருக்கிறது, இதில் எவ்வளவை நீங்கள் ஏற்க முடியும் என்றுதான் கேட்டேன். 243,000க்கு முடிந்தது. சோதனைக்குக் கொடுத்த 600 வெள்ளியைப் பற்றிப் பேசிய சொந்தக்காரர்கள் அதன் பிறகு அந்த ஐயாவின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சாவி கைக்கு வர, பொதுவாக மூன்று மாதம், அதற்கு மேல் நீட்டிப்பு ஒரு மாதம் என்று ஆகும். அந்த இடைவெளியில் வீட்டில் எதுவும் நடக்கலாம். அதனால் எந்தெந்தப் பொருள் வீட்டோடு வருகிறது என்று ஒரு பட்டியலைப் படங்களோடு ஒப்பந்தத்தில் இணைக்கச் சொன்னோம்: தண்ணீர் மோட்டார், மின்விசிறிகள், இரும்புக் கதவுகள், தொட்டி. மீதிப் பணம் போவதற்கு முன்னால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை இன்னொரு முறை சுற்றி வந்தோம். தண்ணீர் மோட்டாரைக் காணோம். வாடகைக்கு இருந்தவர் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். பட்டியலில் இருந்ததால் எங்கள் வழக்கறிஞர் ஒரு கடிதம் போட்டதோடு சரி, வீட்டுக்காரர் புது மோட்டாரே மாட்டிக் கொடுத்தார். அதே நாளில் நிலவரி, மதிப்பீட்டு வரி, தண்ணீர், மின்சாரம், இண்டா வாட்டர் (கழிவுநீர்ச் சேவை) பாக்கி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கிக்கொண்டு, மீட்டர் எண்களைப் படம் எடுத்துக்கொண்டோம். சாவி வந்த வாரமே வயர்மேன் வேலையைத் தொடங்கிவிட்டார்.